எப்போதிலிருந்து

கதவு மூடிய பிறகும் தையல்நாயகி அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டை போட்ட பெண், "உட்காருங்கம்மா, முக்கால் மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு தையல்நாயகியின் புருஷன் சட்டநாதனை ஸ்கேன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். முந்தானையில் அவருடைய மோதிரம், கைக்கடிகாரம், வெள்ளி அரைஞாண், மூக்குக்கண்ணாடி எல்லாம் ஒரு பிடி கனமாகக் கிடந்தன. உள்ளே இருப்பது பெரிய காந்தம், உடம்பில் குண்டுமணி அளவு இரும்புகூட இருக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னபோது தையல்நாயகி தன்னையறியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள். காந்தம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாளே, இனி இவர் சும்மா இருப்பாரா, பூமியே ஒரு காந்தம்தாம்மா, அதோட வடக்கும் தெற்கும் எத்தனையோ தடவை இடம் மாறியிருக்கு என்று ஆரம்பித்துவிடுவாரே, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்று முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் உடம்பு முன்கூட்டியே கூசியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஊசி போட்டுக்கொள்ளப் போகிற குழந்தை மாதிரிக் கையை நீட்டினார், அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள், போனார். கண்ணாடி இல்லாத அவர் முகம் யாரோ வேற்றாள் முகம் மாதிரி இருந்தது. பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் தட்ட ஆரம்பித்தது. முதலில் யாரோ ஆசாரி பலகையில் ஆணி அடிக்கிற மாதிரி, பிறகு லாரி பின்னால் வரும்போது அலறுகிற மாதிரி, பிறகு மறுபடியும் ஆணி. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அவர் தலையை ஆட்டாமல் படுத்திருக்க வேண்டும். பயந்தால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுப்பார்களாம். பயந்தாலும் அழுத்த மாட்டார். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவருக்குப் பழக்கிவிட்டது யார்? ஆணி அடித்தது. எப்போ, எப்போ, எப்போ என்று கேட்பது போல இருந்தது அவளுக்கு.

காலையில் டாக்டர் மெர்லின் கேட்டதும் அதைத்தான். சின்ன வயதுதான், அவளுடைய மகள் அகிலாவைவிடப் பத்து வயது கூட இருக்கலாம், அவசரமே இல்லாத குரல். ஒரு பேனாவைத் தூக்கிக் காட்டி, இது என்ன சார் என்றார். இவர் சிரித்தார். "எழுதறது" என்றார். சாவியைக் காட்டினார். "பூட்டு... பூட்டு இல்ல... திறக்கறது." டாக்டர் தலையாட்டிக்கொண்டே அவர் மூக்குக்கண்ணாடியை மெதுவாகக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்து, இது என்று கேட்டார். சின்னக்கடை வீதியில் இருபத்தெட்டு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரிடம். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் காம்பின் திருகாணியை ஒரு தடவை அழுத்தி, ஆடுகிறதா என்று பார்த்தார். லென்ஸை வெளிச்சத்துக்குத் தூக்கிக் கீறல் பார்த்தார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தார், வாடிக்கையாளருக்குக் கொடுப்பது போல. அப்போதுதான் டாக்டர் இவள் பக்கம் திரும்பினார். "எப்போதிலேர்ந்து இப்படி இருக்கும்மா?" நாக்கு நுனியில் சித்திரை என்று வந்துவிட்டது. சித்திரை என்றால் சித்திரையில் என்ன நடந்தது என்பார். இப்போது தை நடக்கிறது, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பார். "ஒரு மாசம்" என்றாள். "ஒரு மாசம்தான் இருக்கும் டாக்டர்." டாக்டரின் பேனா நின்றது. "ஒரு மாசத்துலயா இவ்வளவும்?" "ஆமா டாக்டர்." டாக்டரின் முகத்தில் என்னவோ இறுகியது. இன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடலாம், நாளை வரைக்கும் வேண்டாம் என்று போனை எடுத்தார். அந்த நேரத்தில் சட்டநாதன் இவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. தெருவில் தடுக்கி விழுந்தவளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது, கை பாதி எழுந்தது, வார்த்தை வரவில்லை, கை இறங்கிவிட்டது. பொய்யைக் காட்டிக்கொடுக்க நினைத்தாரா, பரவாயில்லை விடு என்று சொல்ல நினைத்தாரா? இதுவும் இனி அவளுக்குத் தெரியாது. தெரியாததெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறது.

எதிரே பெரிய ஜன்னல். கீழே தென்னூர் மேம்பாலம், அதற்கப்பால் கட்டடங்களுக்கு நடுவில் மலைக்கோட்டை. இந்தப் பாறை இமயமலையைவிட வயசுல மூத்தது நாயகி, இமயமலை நேத்துப் பொறந்த குழந்தை, இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கு, அதோட உச்சியில கடல் ஜந்துவோட ஓடு கிடக்கு தெரியுமா. கல்யாணமான புதிதில் தாயுமானவர் சன்னதிக்கு ஏறும்போது சொன்னது. அன்றைக்கு அவளுக்குச் செருப்பு புதிது, கீழே விட்டுவிட்டு வந்திருந்தாள், அது போய்விடுமோ என்ற நினைப்பில் உம் உம் என்றாள். பிறகு உம் கொட்டுவதும் நின்றுபோயிற்று. அவர் பேச்சு அப்படி. கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் மூக்கில் அந்தக் கனமான சோதனை ஃபிரேமை மாட்டிவிட்டு, எழுந்து ஓட முடியாத நிலையில் உட்காரவைத்து, லென்ஸைப் போட்டு எடுத்துக்கொண்டே சொல்லுவார். ஒட்டகச்சிவிங்கி கழுத்துலயும் எலும்பு ஏழுதாங்க, உங்க கழுத்துலயும் ஏழுதான். இப்பத் தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்ததா? மரங்கொத்தி நாக்கு இருக்கே, அது மண்டையோட்டைச் சுத்திக்கிட்டு வந்து மூக்குப் பக்கம் முடியுது. கடைசி வரி படிங்க. சிரித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, நெளிந்தவர்கள் உண்டு. எங்கிருந்து பிடித்தாரோ, பொட்டலம் கட்டிய காகிதம், நூலகம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், எல்லாவற்றிலிருந்தும் எடுத்து வந்து வீட்டில் கொட்டுவார். அவள் ரசத்துக்குத் தாளிக்கும்போது சுறாமீன் பூமியில் மரங்கள் வருவதற்கு முன்பே கடலில் இருந்தது. அவள் மாமியாருக்குத் திவசம் நடக்கும்போது வெள்ளி கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம். அந்தந்தச் சமயத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒன்றைக் காதில் வாங்கியதாக நினைவில்லை, ஆனால் ஒன்று விடாமல் இருக்கிறது. அடிப் பாவி என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். கேட்டேன் என்று ஒரு நாளாவது காட்டியிருக்கலாமே.

அதுவும் சித்திரையில் நடந்ததை எப்படி மறைப்பது. அகிலாவுக்கு நிச்சயதார்த்தம், சமயபுரம் ரோட்டில் சின்ன மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் ஓசூர்க்காரர்கள், சம்பந்தி பேங்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். முதல் நாள் ராத்திரியே இவரிடம் சொல்லிவைத்தாள், நாளைக்கு எதையாவது அவிழ்த்துவிடாதீர்கள் என்று. சரி சரி என்றார். பந்தியில் பஞ்சாமிர்தம் வைத்தார்கள். நல்ல தேன் போட்டிருக்கு என்றார் சம்பந்தி. அது போதாதா. "தேன் கெடவே கெடாதுங்க, ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும்" என்றார் இவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தேனீ பூவுலேர்ந்து உறிஞ்சினதை வயித்துல வச்சுக்கிட்டு வந்து கூட்டுல கக்கும். அதை இன்னொரு தேனீ வாயில வாங்கி மறுபடி கக்கும். ஒரு விதத்துல பார்த்தா வாந்திதாங்க." மாப்பிள்ளையின் அத்தை கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. நெய்க் கிண்ணத்தோடு அந்த வரிசையில் வந்துகொண்டிருந்த தையல்நாயகிக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. "வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட முடியாதா உங்களால? எப்பப் பார்த்தாலும் இதே குப்பை. மனுஷனா நீங்க, ரேடியோவா?" என்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். மண்டபம் அந்த நிமிஷம் பார்த்து அமைதியாக இருந்தது. ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை முழுக்கச் சிரிப்பு, சம்பந்திகூடச் சிரித்தார், நிலைமை சரியாகிவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த பிடரியை அவள் மேலே நின்று பார்த்தாள். நெய் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். ஒரு வார்த்தை, பிற்பாடாவது ஒரு வார்த்தை. ராத்திரி கால் வலி, தூங்கிவிட்டாள். மறுநாள் கணக்குவழக்கு, பாத்திரம் திருப்ப வேண்டும். அதற்கு மறுநாள் அது பழசாகிவிட்டது.

அவர் பேச்சு குறைந்தது. அவள் அதைக் கோபம் என்று நினைத்தாள். ஆம்பளைக்கு ரோஷம், இருக்கட்டும், நாலு நாள் போனால் சரியாகிவிடும். நாலு நாள் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, சரியாகவில்லை, அப்போதுதான் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. இதை யாரிடம் சொல்ல முடியும்? வீடு அமைதியாக இருந்தது. சீரியல் பார்க்கும்போது குறுக்கே யாரும் திமிங்கலத்தின் நாக்கு யானை எடை என்று சொல்லவில்லை. ஆவணியில் அகிலா கல்யாணத்தில் அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி நின்றார், சம்பந்தி கம்பீரமாக இருக்கிறார் உங்க வீட்டுக்காரர் என்றார். நாத்தனார் கற்பகம், "அண்ணன் ரொம்ப மாறிட்டாரே, என்ன மந்திரம் போட்டீங்க அண்ணி?" என்று கேட்டபோது இவள் சிரித்தாள். பெருமைச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை இப்போது முகத்திலிருந்து பிய்த்து எறிய முடிந்தால் தேவலை. ஃபிரிட்ஜைக் காட்டி, அந்த ஜன்னலைச் சாத்து என்றார் ஒரு நாள். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தாள். தபால் ஆபீசில் வேலை பார்க்கிற பெண் காந்தி மார்க்கெட்டில் பார்த்து நிறுத்தினாள். "அக்கா, அண்ணன் இப்பல்லாம் கடையில ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரே. கண்ணாடி மாத்தப் போனா, இன்னிக்கு மாமா என்ன சொன்னாருன்னு என் பிள்ளைங்க கேக்கும். உடம்பு கிடம்பு சரியில்லையா?" வழியில் போகிற ஒருத்திக்குத் தோன்றியது. "வயசாச்சுல்ல, அடங்கிட்டார்" என்றாள் இவள், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே. அடங்கிட்டார். என்ன வார்த்தை அது. யாருக்குச் சொல்கிற வார்த்தை. போன வாரம் கடையிலிருந்து மத்தியான வெயிலில் நடந்தே வந்து வாசலில் நின்று அழுதார், ஆட்டோக்காரரிடம் தன் தெருப் பெயரைச் சொல்ல வரவில்லை என்பதைக் கையைக் காட்டிக் காட்டிப் புரியவைக்கவே அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. அன்றைக்குத்தான் அவள் பயந்தாள். அதுவரைக்கும்? சித்திரையில் பேசாமல் இருந்தது அவள் சொன்னதனால். சரி. மார்கழியில் பேசாமல் இருந்தது தலைக்குள் இருக்கிற ஏதோ ஒன்றினால். சரி. நடுவில்? ஆடியில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்து ஏதோ சொல்லத் தொடங்கி, ஒன்றுமில்லை என்று எழுந்து போனாரே, அது எதனால்? எது வரைக்கும் இவள், எங்கேயிருந்து அது? ஒரே இருட்டில் இரண்டு பேர் கைவைத்த மாதிரி, எது யார் கை என்று தெரியவில்லை. அது இவளுடைய திட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே வளர்ந்திருக்கிறது. இவள் திட்டாமல் இருந்திருந்தால் பேசிக்கொண்டே இருந்திருப்பார், பேசிக்கொண்டே இருக்கிற மனுஷன் வாயில் ஒரு வார்த்தை தடுக்கினால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மெஷின் நின்றது. தலையைத் தூக்கினாள். மறுபடி வேறு தாளத்தில் தொடங்கிற்று. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய் இருவரும் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்ட நேரம். "நாயகி" என்றார். அந்தப் பெயரை மட்டும் அவர் இன்னும் தடுக்காமல் சொல்கிறார். "நாயகி, இந்த... இந்த..." வானத்தைக் காட்டினார். மேகத்தையா, நட்சத்திரத்தையா, போன பறவையையா, அவள் போனில் கற்பகம் அனுப்பிய புடவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "என்ன?" என்றாள். அவர் கையை இறக்கிவிட்டார். அந்தக் கை மேலே போனதற்கும் இறங்கினதற்கும் நடுவில் என்ன இருந்தது? மேகம் பஞ்சு மாதிரி இருந்தாலும் நூற்றுக்கணக்கான டன் கனம் என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவா? அது பழசு. அவர் பழசைத் திரும்பச் சொல்ல மாட்டார். புதிதாக எதையோ கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார், சொல்லத் தெரியாமல் போன நாளில்கூட எங்கேயோ படித்து, யாருக்குச் சொல்வது என்று தேடி, இவளிடம் வந்து நின்றிருக்கிறார். வாயை மூடு என்றவளிடமே. தலை விண்விண்ணென்று தெறித்தது. தலைவலின்னு சொல்றோமே நாயகி, உண்மையில மூளைக்கு வலியே தெரியாது, ஆளை முழிக்கவச்சுப் பேசிக்கிட்டே ஆபரேஷன் பண்றாங்க. எனக்கு இருக்கிற தலைவலியே நீங்கதான் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள் அவள். எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருந்தாள். மூளைக்கு வலி தெரியாது என்றால் உள்ளே அது வளரும்போது அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதை நினைத்து ஆறுதல் பட்டாள், உடனே அந்த ஆறுதலும் அவர் கொடுத்ததுதான் என்று தெரிந்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எதிர் பெஞ்சில் இருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். போன் அடித்தது. அகிலா.

"அம்மா, பஸ் கரூர் தாண்டிடுச்சு. அப்பா உள்ளேயா?" உள்ளேதான் என்றாள். "டாக்டர் என்ன சொன்னாங்க?" எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். "எப்போதிலேர்ந்தும்மா இப்படி?" இவளும் அதையே கேட்கிறாள். ஒரு மாசமா என்று தொடங்கினாள், அகிலா குறுக்கே வந்தாள். "ஒரு மாசமா? என்னம்மா சொல்றே? எனக்கு நிச்சயம் ஆனதிலேர்ந்து அப்பா போன்ல சரியாவே பேசலை. நான் ஹலோன்னா, ம், நல்லா இருக்கியா, அவ்வளவுதான். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அன்னிக்குப் பந்தியில நானும் சிரிச்சேன்ல, அதைப் பார்த்துட்டார், அந்தக் கோவம்னு நினைச்சேன். கேட்டிருக்கலாம். கேக்கலை." பஸ் சத்தம் நடுவில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நீ சிரித்ததை அவர் பார்க்கவில்லை, குனிந்திருந்தார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்ல நினைத்தாள். "நீ அழாம வா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். அகிலாவிடமும் ஒரு மாசம் என்றே சொல்லியிருப்பாள், அவள் குறுக்கே பேசாவிட்டால். எத்தனை பேரிடம் சொல்வது? இப்போது போய் டாக்டரிடம் ஒன்பது மாசம் என்றால்? ஒரு மாதத்துக்கே அந்த முகம் அப்படி இறுகிற்று. ஒன்பது மாதம் என்றால், இத்தனை நாள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களே, இனி என்ன செய்ய என்பார். நேரம் கடந்துவிட்டது என்பார். ஒரு மாதம் என்று சொன்னதனால் ஒருவேளை ஒரு மாதத்து வைத்தியமாவது செய்வார்கள். இப்படி ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. பொய்க்குத்தான் எவ்வளவு சீக்கிரம் நியாயம் கிடைக்கிறது.

அவர் வெளியே வந்தபோது காதில் பஞ்சு இருந்தது. இவளே எடுத்துவிட்டாள், கண்ணாடியை மாட்டிவிட்டாள், மோதிரம் மூட்டில் சிக்கியது, திருகிப் போட்டாள். பயமா இருந்ததா என்றதற்கு, இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் அறையில் திரையில் படம் வந்திருந்தது. கறுப்பும் சாம்பலுமாக அக்ரூட் பருப்பைக் குறுக்கே வெட்டியது போல, அதன் இடது ஓரத்தில் வெள்ளையாக உருண்டையாக ஒன்று. எலுமிச்சம்பழம் இருக்கும். தையல்நாயகி பார்க்க மாட்டாமல் கண்ணைத் திருப்பினாள், திருப்பினால் அவர் முகம். அவர் நாற்காலி நுனிக்கு வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் ஏறி, வாய் பாதி திறந்து. இவ்வளவு நாள் ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் மண்டைக்குள் இருப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறார். விரல் நீட்டி ஒரு மடிப்பைத் தொடப் போய், திரையில் கறை படும் என்று நிறுத்திக்கொண்டார். டாக்டர் மெர்லின் நிதானமாகச் சொன்னார். "இது மூளைக்குள்ள இல்லம்மா. மேல இருக்கற உறையில முளைச்சு உள்பக்கமா அழுத்துது, பேச்சு வர்ற இடத்தை. பார்க்கறதுக்கு மெல்ல வளர்ற ஜாதி மாதிரிதான் இருக்கு. ஆனா ஒரு மாசத்துல இவ்வளவு பேச்சு போயிருக்குன்னு சொன்னீங்க. அப்படின்னா அது வேகமா வளர்ற முரட்டு ஜாதியா இருக்கலாம். ரெண்டும் ஒத்துப்போகலை. அதான் யோசிக்கறேன்."

"இல்ல" என்றார் சட்டநாதன்.

தெளிவாக, தடுக்காமல், பழைய குரலில். டாக்டர் திரும்பினார். "என்ன சார்? எது இல்ல?" அவர் வாயைத் திறந்தார். உதடு கூடிப் பிரிந்தது. பிறகு தையல்நாயகியைப் பார்த்தார். இந்தப் பத்து நாளாக நடக்கிற மாதிரித்தான், அவர் பாதியில் நிறுத்துவார், மீதியை இவள் சொல்லுவாள், தண்ணி கேக்கறார், ஃபேனை நிறுத்தச் சொல்றார். இப்போதும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வலி இல்லை என்கிறார் என்று சொல்லிவிட்டால் டாக்டர் நம்பிவிடுவார். அவர் மறுக்க முடியாது. அவர் நாக்கு இப்போது இவளிடம் இருக்கிறது. "ஒரு மாசம் இல்லைங்கறார் டாக்டர்" என்றாள். "நான் பொய் சொன்னேன். சித்திரையிலேர்ந்தே பேச்சு குறைஞ்சு போச்சு. சித்திரையில பொண்ணுக்கு நிச்சயம். பந்தியில எல்லார் முன்னாடியும் நான் இவரை வாயை மூடச் சொன்னேன். கோவத்துல பேசாம இருக்கார்னு நினைச்சுக்கிட்டேன். கேக்கலை. எனக்கு... வீடு நிம்மதியா இருந்துச்சு டாக்டர். அதனால கேக்கலை."

சொல்லி முடித்துவிட்டு அடிக்குக் காத்திருப்பவள் மாதிரிக் குனிந்துகொண்டாள். டாக்டரின் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. "சித்திரையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாவா? திடீர்னு இல்லையே?" "கொஞ்சம் கொஞ்சமா." "வாந்தி, வலிப்பு?" "இல்ல." டாக்டர் மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தார். "அப்படின்னா ஒத்துப்போகுதும்மா. இவ்வளவு மெல்ல வந்திருக்குன்னா நல்லது. காலையிலேர்ந்து நான் வேற எதையோ நினைச்சுப் பயந்துக்கிட்டிருந்தேன். இதை எடுத்துடலாம். எடுத்துப் பார்த்துதான் உறுதியாச் சொல்ல முடியும். பேச்சு எவ்வளவு திரும்பும்னும் இப்ப வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா நம்பிக்கை இருக்கு." நல்லது என்கிறார். அவள் ஒன்பது மாதம் பார்க்காமல் இருந்தது நல்ல செய்தியாகிவிட்டது. யாராவது ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டுகிறவர்கள் யாரும் இல்லை. "டாக்டர்" என்றாள். "இவர் பேசாம இருந்தது... நான் சொன்னதாலயா, இந்தக் கட்டியாலயா? முதல்ல எது?" டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு இருவரையும் பார்த்தார். சின்ன வயதுதான், ஆனால் சமாதானம் சொல்லவில்லை. "அதை ஸ்கேன் காட்டாதும்மா" என்றார்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அடுத்த வாரம் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாசலில் காவலாளி கை தட்டி ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். தையல்நாயகி ஏறி உட்கார்ந்து பார்த்தால் அவர் வரவில்லை. சுற்றுச்சுவர் ஓரம் நின்றிருந்த ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாகலிங்க மரம். கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது, கீழேயும் உதிர்ந்து கிடந்தது. "இது" என்றார். "இது... நாயகி, இது..." ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். காவலாளி, "நாகலிங்கம் சார்" என்று உதவினார். அவர் தலையை வேகமாக ஆட்டினார், பெயர் அதுதான் என்று அவருக்குத் தெரியும், பெயரை அவர் தேடவில்லை. "சிவன் கோயில்ல இருக்கும், அதானே சார்?" என்றார் காவலாளி. அதுவும் இல்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. தையல்நாயகி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அவளுக்கும் நாலைந்து வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்தன, பூ, வாசனை, லிங்கம், பாம்பு, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "ஊரு" என்றார் கடைசியில். "இதோட ஊரு... இந்த ஊரு இல்ல."

"இந்த ஊரு இல்லையா?" அவளுக்கு உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து கோயிலில் பார்த்து வந்த மரம். "பின்ன எந்த ஊருங்க?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கி மேற்கே காட்டினார், சுவருக்கு மேலே, மேம்பாலத்துக்கு மேலே, இன்னும் அப்பால். "தூரம்" என்றார். அது போதவில்லை அவருக்கு. தலையை ஆட்டி அதை அழித்துவிட்டு, சரியான வார்த்தையை மறுபடி தேடத் தொடங்கினார். "வண்டியை நிறுத்துங்க தம்பி, நேரமாகும்" என்றாள் தையல்நாயகி. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார்.